கடலிலிருந்து 250 மீட்டரில் ஆறு சென்ட்

அண்ணாமலை நகர்

அன்புள்ள சிவகாமிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துவிட்டேன். சாமியார்பேட்டைப் பக்கம் மனை, கடலிலிருந்து 250 மீட்டர், ஆறு சென்ட், தென்னையில் கட்டிய ஊஞ்சலில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மேலே ‘கரீபியன் வில்லேஜ்’ என்று பெயர். சவுக்கும் தாழையும் பனையும் நிற்கிற கரைக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்களுக்கு நம் ஊர் தெரியாது அல்லது உனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். ‘அட்வான்ஸ் ஐம்பதாயிரம் போட்டு வைக்கட்டுமா மாமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள்’ என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு ‘சரி சரி மாமா’ என்பாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

போடாதே. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை உட்கார்ந்து நிதானமாகப் படி.

250 மீட்டர் என்கிறார்களே, எங்கிருந்து அளந்தது? தரகர் காரில் கூட்டிப்போய், ஈரமணலில் நின்றுகொண்டு செல்போனில் அளந்து காட்டுவார். சட்டம் அங்கிருந்து அளப்பதில்லை. ஓதம் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையை உயர் அலைக்கோடு என்று வரைபடத்தில் குறித்து, அதிலிருந்து அளக்கும். அந்தக் கோட்டைத் தரகர் இழுக்க முடியாது, நான் இழுக்க முடியாது, கிராம நிர்வாக அலுவலரும் இழுக்க முடியாது. அதற்கென்று அரசு ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. கடல் உள்வாங்கிக் கிடக்கிற ஒரு நாளில் செல்போன் காட்டிய 250, வரைபடத்தில் 190 ஆக இருந்தால் ஆச்சரியப்படாதே. அந்த அறுபது மீட்டரில்தான் உன் பணம் முழுவதும் இருக்கிறது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட். என்ற அறிவிக்கையை மத்திய அரசு முதலில் 1991 பிப்ரவரியில் கொண்டுவந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆளுகை. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி. 200-க்கும் 500-க்கும் நடுவில் வீடு கட்டலாம், ஆனால் யார் கட்டலாம் என்பதில்தான் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மரபுவழி உரிமைக்கும் வழக்கத்துக்கும் உட்பட்ட வீடுகள், அதாவது ஏற்கெனவே இருக்கிற மீனவக் குடியிருப்பு போன்றவற்றின் வீடுகளுக்குத்தான் அந்த இடம். உயரம் 9 மீட்டர், தரைத்தளத்தோடு சேர்த்து இரண்டு தளம், அதற்கு மேல் கூடாது. அண்ணாமலை நகரில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கிற நீ, வாரக்கடைசியில் வந்து தங்க ஒரு பங்களா கட்டுவது எந்த மரபுவழி உரிமையில் வரும்? சொல் பார்ப்போம்.

விடுதி கட்டலாமே என்பார்கள். கட்டலாம், உரிய அனுமதியோடு. ஆனால் 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, கடற்கரை விடுதிக்குக் குறைந்தது 0.4 ஹெக்டேர் இடம் வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். உன் ஆறு சென்ட்டில் ஊஞ்சல்தான் கட்டலாம்.

‘அதெல்லாம் பழசு மேடம், இப்போ ஐம்பது மீட்டர்தான்’ என்று ஒரு வார்த்தை வரும். அது பாதி உண்மை. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்கிற கிராமப்புறக் கடற்கரையில் தடைப்பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற இடங்களில் 200 மீட்டர் அப்படியே. குறைத்த இடத்திலும், மக்களைக் கலந்து, புதிய கடற்கரை மேலாண்மைத் திட்டம் போட்டு, அது ஒப்புதல் பெற்ற பிறகுதான் 50 செல்லும். அதுவரை பழைய கணக்குத்தான். உன் சர்வே எண் எந்த வகையில் விழுகிறது, எந்த வரைபடம் இன்று செல்லும் என்பதை மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுமத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாயால் சொல்கிற பதில் எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம்.

இன்னொன்று. நோட்டீஸில் மனைக்குப் பின்னால் ஒரு மேடு தெரிகிறதே, அது மணல்மேடு. மணல்மேடுகளும் சதுப்புக் காடுகளும் இந்த அறிவிக்கையில் தொடவே கூடாத முதல் வகையில் இருக்கின்றன. படத்தில் மேட்டின் ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டியது போலத் தெரிந்தது. பொக்லைன் வைத்து நிரவியிருந்தால், மனை விற்றவர் போய்விடுவார். மேட்டை அழித்த இடத்தின் உரிமையாளர் என்று நோட்டீஸ் உன் பெயருக்கு வரும்.

இத்தனை தடை இருந்தும் பத்திரம் பதிவாகிவிடும். எனக்குக் கவலையே அதுதான். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கட்டினால் எண் போட்டு, கைரேகை எடுத்து, படம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் பத்திர மேசையிலேயே காலத்தைக் கழித்தவன். பதிவானதையே அரசு அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டு, பத்திரத்தைப் பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா, வாங்கியவர் அங்கே சுவர் எழுப்ப முடியுமா என்பதெல்லாம் அந்த மேசையில் தீர்கிற விஷயம் இல்லை.

மனைப்பிரிவுக்கு மட்டும் ஒரு கடிவாளம் வந்திருக்கிறது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவை அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின், ஒப்புதல் எண்ணைக் கேள். ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு’ என்றால், தலைவர் கையெழுத்து மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது என்று சொல். 500 சதுர மீட்டருக்கு மேல் பிரித்து விற்கிறவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், ரெரா என்கிறார்களே அதில், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. உன் நோட்டீஸில் ஊஞ்சல் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, ரெரா எண் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன்.

இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வாங்கவில்லை. மற்றது, மனைப்பிரிவாகக் காட்டாமல், புஞ்சை நிலத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். இரண்டாவதில் உனக்கு நிலம் கிடைக்கும், ஆனால் எந்த ஆறு சென்ட் என்று யாராலும் காட்ட முடியாது.

சரி, சட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போவோம்.

கடலூர் மாவட்டத்தில் 49 மீனவ கிராமங்கள் இருக்கின்றன. வடக்கே தாழங்குடாவில் தொடங்கி, தேவனாம்பட்டினம், ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கொள்ளிடம் வரை. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு விடிகாலையில் போய்ப் பார். சின்ன வயதில் சில்வர் பீச்சில் சுண்டல் தின்ற ஞாபகம் உனக்கு உதவாது. விடியற்காலை வெளிச்சம் வருவதற்குள் ஃபைபர் படகுகள் கரையேறும். கூடையில் கவலை, மத்தி, காரப்பொடி கொட்டுகிற இடத்திலேயே ஏலம் தொடங்கிவிடும். ஏலம் கூறுகிறவர் வாயிலிருந்து எண் வந்து முடிவதற்குள் ஒரு பெண்மணி தலையை அசைத்திருப்பார், கூடை அவருக்கு. ஏழு மணிக்கு மேல் அதே மணலில் நெத்திலி பரப்பியிருக்கும். பக்கத்தில் வலையை நீளவாக்கில் விரித்து இரண்டு பேர் கிழிசல் பார்ப்பார்கள். இன்னும் தள்ளி, எஞ்சினைப் பிரித்துப் போட்டு ஒருவர் துடைத்துக்கொண்டிருப்பார். படகை மேலே இழுத்துப் போட ஓர் இடம், புயல் எச்சரிக்கை வந்தால் இன்னும் மேலே ஏற்றிப் போட வேறோர் இடம், மாரியம்மன் திருவிழாவுக்கு ஓர் இடம், மாசிமகத்துக்குச் சாமி இறங்குகிற பாதை, பிள்ளைகள் பந்து அடிக்கிற திடல்.

இந்த இடங்களில் எதற்கும் பட்டா கிடையாது. கேட்டால் ‘ஊர் இடம்’ என்பார்கள். ஆவணத்தில் சில கடற்கரைப் புறம்போக்கு, சில ‘தரிசு’, சிலவற்றில் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மிராசு பெயரில் பட்டா. அந்த மிராசுதாரின் பேரன் சென்னையில் இருந்துகொண்டு தரகரிடம் பவர் எழுதிக் கொடுத்திருப்பார். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். காகிதம் அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் அவர் தாத்தா காலத்திலிருந்து வலை காய்ந்திருக்கிறது. நீ நான்கு குத்துக்கல் நட்டுக் கம்பிவேலி போட்ட அன்றைக்குத்தான் ஊர்க்காரர்களுக்கு விஷயமே தெரியும். காலையில் ஊர்ப் பஞ்சாயத்தார் நான்கு பேர் வந்து நிற்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், ‘எங்க ஆளுங்க எந்த வழியாம்மா கடலுக்குப் போறது?’ அதற்கு உன் கிரயப் பத்திரத்தில் பதில் இருக்காது.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் ஊகம். விற்றவர் செஞ்சியில், வாங்கியவர் சென்னைக் கோட்டையில். குண்டு விழுந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. இன்று பீரங்கிக்குப் பதில் செல்போன்.

நோட்டீஸில் கரீபியன் என்று போட்டதனால் அந்த ஊர்க் கதையையும் சொல்கிறேன். பார்புடா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே நிலத்தை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது, தீவின் மக்கள் எல்லாருக்கும் பொது என்பது நெடுங்கால வழக்கம். 2007-இல் அதைச் சட்டமாகவும் எழுதினார்கள். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி தீவையே புரட்டிப் போட்டது. ஏறத்தாழ 1,800 பேரையும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து கூரை போடுவதற்குள், நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்க வழி செய்யும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சொகுசு விடுதிக்காரர்கள் அதற்கு முன்பே கண் வைத்திருந்தார்கள். நோட்டீஸ் அடித்தவருக்குக் கரீபியன் என்றால் ஊஞ்சல். எனக்கு அந்த 1,800 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் பக்கத்திலும் நடந்ததுதான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நீ கைக்குழந்தை. மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். கிள்ளைக்குக் கிழக்கே, சதுப்புக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய ஊர்கள் இருந்த இடம் தெரியாமல் ஆயின. மிஞ்சியவர்கள் உள்ளே தள்ளிக் குடியமர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 30-இல் வருவாய்த் துறை 172-ஆம் எண் அரசாணையைப் போட்டது. 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் வீடு இலவசம். பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போகாதவர்கள் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. எழுதிக் கொடுத்த மனைகள் தடையாணைப் புத்தகத்தில் ஏறும், பொதுக் காரியத்துக்கு மட்டும் என்றது ஆணை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அப்படி எழுதிக் கொடுத்த மனைகளின் பழைய காகிதங்கள் வீடுகளில் இன்னும் இருக்கும். வாங்குகிறவருக்குத் தடையாணைப் புத்தகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வில்லங்கச் சான்றில் அது வராமலும் போகலாம், ஏனென்றால் வில்லங்கத்தில் பதிவான ஆவணம்தான் வரும். தாசில்தார் அலுவலகத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது, சிவகாமி. ‘கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து, தள்ளிப் போ’ என்று கடலில் பிழைக்கிறவனிடம் சொல்லிவிட்டு, அதே இடத்தைப் பொழுதுபோக்க வருகிறவருக்கு மனை போட்டு விற்பதை என்னவென்பது? இலங்கையிலும் சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு போட்டார்கள். மீனவர் வீட்டுக்குக் கண்டிப்பு, சுற்றுலா விடுதிக்குத் தளர்வு என்று அங்கேயும் குமுறினார்கள். நீ அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

சதுப்புக் காடு காப்பாற்றிவிடும், பிச்சாவரம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தரகர் சொல்லியிருப்பார். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரின ஆய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, சதுப்புக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். உலகமே அதைப் பேசியது. மறு ஆண்டே வேறு சில ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்துப் போட்டு, ஊர் எவ்வளவு உயரத்தில் இருந்தது, கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பவைதான் பெரிய காரணங்கள் என்றார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காடும் வேண்டும்தான். ஆனால் இரு தரப்பையும் படித்துவிட்டு ஒருவர் கடலிலிருந்து 250 மீட்டரில், தாழ்ந்த மணலில் வீடு கட்ட மாட்டார்.

சுனாமி நூறாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும், புயல் அப்படி இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் போனதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கடற்கரைச் சவுக்குத் தோப்புகளும் முறிந்து கிடந்தன. 2015-இல் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. கடலூரிலிருந்து தெற்கே உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் பட்டை பட்டையாகக் கிடக்கிற ஊர்களில் கிழக்கே அலை, மேற்கே ஓதம் ஏறுகிற ஆறு. அந்த ஆற்றங்கரைக்கும் சி.ஆர்.இசட். உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஓதம் ஏறி இறங்குகிற ஆறு, கழி எல்லாவற்றுக்கும் உண்டு.

தண்ணீர் விஷயம் கேட்டாயா? நோட்டீஸில் ‘சுவையான நிலத்தடி நீர்’ என்று போட்டிருக்கிறது. பொய் இல்லை. மணல்மேட்டின் அடியில் மழைநீர் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். எண்ணெய் மிதப்பது போலத்தான். கடல் மட்டத்துக்கு மேலே அந்த நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பதடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதனால்தான் மீனவர் வீடுகளில் ஆழம் தோண்டாமல் கைப்பம்பு போட்டு, குடத்துக்குக் குடம் அடித்து எடுத்தார்கள். மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரும். இருபது மனை, இருபது போர், ஒரு நீச்சல் குளம் வந்தால் முதல் கோடையிலேயே தண்ணீர் கரிக்கும். உனக்குக் கேன் தண்ணீர் வாங்கக் காசு இருக்கிறது. பக்கத்துத் தெருவில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாளுக்கு?

உப்பு ஏறிய நிலத்தின் கதை நம் பக்கத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டதுதான். தொண்ணூறுகளில் இறால் பண்ணை மோகம் வந்தபோது, நெல் விளைந்த இடத்தையெல்லாம் வாங்கிக் குளம் வெட்டினார்கள். ஏக்கருக்கு நினைத்துப் பார்க்காத விலை வந்தது. லாப்டி அமைப்பின் பெரியவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வாங்கினார். மரபான முறைகள் தவிர, கடற்கரை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது நீதிமன்றம். பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு வழி திறந்துவிட்டது என்பது வேறு கதை. விற்றுவிட்டுப் போனவர்கள் பிழைத்தார்கள். பக்கத்து வயல்காரன் வரப்பில் நின்று வெள்ளை பூத்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளைப் பக்கம் வாங்கிப் போடு என்று யாராவது சொன்னால், அது முன்னாள் இறால் குளமா என்று முதலில் கேள்.

‘விலை ஏறும் மாமா, நான்கு வழிச்சாலை வருகிறதே’ என்பாய். ஏறலாம். ஆனால் இந்தக் கரையில் ஏறும் என்று சொன்னவை எல்லாம் ஏறவில்லை. பெரியகுப்பம் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வருகிறது என்றபோது தரகர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பாதி கட்டியிருந்த ஆலை தானேயில் அடிபட்டு, வேலை நின்று, கடைசியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. மேலும், வீடு கட்ட முடியாத மனைக்கு விலை என்பது, அது கட்ட முடியாத மனை என்று தெரியாத அடுத்த ஆள் கிடைக்கும் வரைதான். உன்னை அப்படி ஒருவருக்கு விற்கிற பெண்ணாக அக்கா வளர்க்கவில்லை.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேறு எங்கே நிலம் வாங்கினாலும் உதவும். கணினிப் பட்டாவை மட்டும் நம்பாதே. எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று நிலப்பதிவுகளைப் புதுப்பித்தபோது ஏறிய பெயர்ப் பிழைகள் இன்றைக்கும் வழக்காக நடக்கின்றன. பழைய அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகை என்று பார்க்க வேண்டும். சிதம்பரம் வட்டாரத்தில் கோயில் நிலமும் கட்டளை நிலமும் ஏராளம். அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் ஒப்புதல் இல்லாத விற்பனை செல்லாது. பரங்கிப்பேட்டையில் வக்பு இடங்கள் உண்டு, அவையும் விற்பனைக்கு இல்லை. 1892 ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலத்தை, பத்தாண்டுக்குப் பிறகும் அந்த மக்களுக்குள் மட்டுமே விற்கலாம். எத்தனை கை மாறி, எத்தனை பட்டா பெயர் மாறியிருந்தாலும் இந்தக் குணம் மாறாது. தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், புலப்படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கதை தானாக வெளிவரும். பவர் பத்திரத்தில் விற்கிறவர் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேள். சிரிக்காதே, இறந்துபோனவர் கொடுத்த பவரில் விற்ற நிலங்களைப் பற்றியே தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

உனக்கு நிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பாதிக்கிற பெண் தன் பெயரில் ஒரு காணி வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உங்கம்மாவைவிட ஆசை. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் இப்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகையும் உண்டு. ஆனால் கடல் தெரியும் மனை என்பது ஒரு தேவை, சொத்து என்பது வேறொரு தேவை. இரண்டையும் ஒரே பத்திரத்தில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய்.

சொத்துதான் வேண்டும் என்றால் மேற்கே பார். புவனகிரி, பி.முட்லூர்ப் பக்கம், மேடான, மனிதர்கள் ஏற்கெனவே வீடு கட்டி வாழ்கிற தெருவில், ஒப்புதல் பெற்ற மனையாக. அங்கேயும் வெள்ளாற்றில் வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வாங்கலாம். கடல்தான் வேண்டும் என்றால் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் போதும். கடற்கரை அரசுடையது, நடப்பதற்குக் காசு இல்லை. தங்க வேண்டுமானால் மீனவ ஊரில் வாடகைக்கு அறை கேள். அந்த வாடகை அந்த ஊரிலேயே தங்கும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கே பார்த்த பிறகும் இடம் வாங்கத் தோன்றினால், அப்போது பேசிக்கொள்வோம். அநேகமாகத் தோன்றாது.

இனி நீ செய்ய வேண்டியது இதுதான். தரகரிடம் கிராமத்தின் வருவாய்ப் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், டி.டி.சி.பி. எண், ரெரா எண் ஐந்தையும் எழுத்தில் கேள். ‘நேரில் வாங்க காட்டுறோம்’ என்றால் அத்தோடு விட்டுவிடு. கொடுத்தால் எனக்கு அனுப்பு. அ-பதிவேட்டையும் தடையாணைப் புத்தகத்தையும் நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், தாலுகா ஆபீசில் இன்னும் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. அதுவரை ஐம்பதாயிரம் இருக்கட்டும், ஐந்நூறு ரூபாய்கூட டோக்கன் என்று அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை கெடு அவர்களுக்குத்தான், உனக்கு இல்லை.

அன்புடன்,
மாமா